ஹிடாகா விழாமல் இருந்த இருபத்திமூன்று நாள்

கீழ்மணப்பட்டு வேங்கடலட்சுமி திருமண மண்டபத்தில் ஒரு ஜப்பான்காரர் இருபத்திமூன்று நாள் அந்தரத்தில் கிடந்தார் என்றால், அதற்குப் பாதிக் காரணம் இரண்டு முதலாளிகளின் வீம்பு, மீதிப் பாதி மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரம் அண்ணனின் அவசரம். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அவரும் "ஆமாண்டா மைக்செட்டு, என் புத்தி அப்படி" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ காதுகுத்தோ, என் ஸ்பீக்கர் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. அதனால் அந்த இருபத்திமூன்று நாளும் அந்த மண்டபத்திலேயே கிடந்தவன் நான். அளந்து பேசத் தெரியாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு பிடி கூடவும் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை.

ஊருக்கு வடக்கே ஏரிக்கரையைத் தாண்டி ஒரு ஜப்பான் கம்பெனி கார்க் கண்ணாடி செய்கிறது. அதன் பத்தாவது வருஷ விழாவுக்கு ஜப்பானிலிருந்து மல்யுத்தக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், மண்ணில் கட்டிப் புரளுகிற சண்டை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மண்டபத்தில் வந்து இறங்கியதோ இரண்டு லாரிச் சாமான், நாலு மூலைக்கும் இரும்புத் தூண், மூன்று வரிசைக் கயிறு, முகமூடிகள், சரிகை வைத்த அங்கிகள். அதுவும் ஒரு கம்பெனி இல்லை, இரண்டு. அவற்றின் பெயர்களைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால், உடுப்பின் நிறத்தைப் பார்த்துச் சிவப்புக் கம்பெனி, நீலக் கம்பெனி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒரே வாத்தியாரிடம் பழகிப் பிரிந்த இரண்டு பேர் நடத்துகிற கம்பெனிகள், இடையில் பத்தொன்பது வருஷப் பகை. இந்தக் கம்பெனி ஆள் அந்தக் கம்பெனி ஆளோடு பேசக்கூடாது, ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக்கூடாது. ஜப்பானில் எந்த ஊரில் சேர்ந்து ஆடினாலும் அது ஒருத்தருக்குச் சொந்த ஊராகவும் மற்றவருக்கு அசலூராகவும் போய்விடும் என்பதால்தான், பொதுவான இடம் தேடித் தேடி, கடைசியில் கீழ்மணப்பட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். இதை யாரோ எங்களிடம் பெரிய ரகசியமாகச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பதினெட்டாம் நாள் துரியோதனன் விழப்போகிறான் என்பது கூத்துப் பார்க்க வந்த கைக்குழந்தைக்கும் தெரியும், அதற்காக யாராவது பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனதுண்டா? விழுகிறவன் ஒழுங்காக விழ வேண்டும், போடுகிறவன் ஒழுங்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். விழுகிறவனின் உயிர் போடுகிறவன் கையில் இருக்கிறது. அதனால் அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டாம்: ஒருவனைத் தூக்கியவன், அவன் தரையில் பத்திரமாகச் சேரும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது.

கடைசிச் சண்டை ஹிடாகாவுக்கும் ஒனோடெராவுக்கும். ஹிடாகா நீலக் கம்பெனி, நாற்பத்தேழு வயது, ஒல்லி என்று சொல்ல முடியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தில் ஒல்லி, பார்த்தால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி சாதுவான முகம். இருபத்திநாலு வருஷமாகத் தோற்பதுதான் அவர் வேலை. எதிராளியை வீரனாகக் காட்டிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வெளியே போவார். ஒனோடெரா சிவப்புக் கம்பெனி, முப்பத்திநாலு வயது, நூற்றைம்பது கிலோ, வயிறு மட்டுமே ஒரு மூட்டை நெல் இருக்கும். யார் ஜெயிப்பது என்பதில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். நீலக் கம்பெனி முதலாளிக்குத்தான் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. சொந்த நாட்டில் தோற்றது போதும், அந்நிய மண்ணில் தோற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்.

பந்திக் கூடத்தில் இரண்டு முதலாளிகளும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தினார்கள். நடுவில் எழிலரசி. எங்கள் ஊர்த் தறிக்காரர் மகள், படித்து, கண்ணாடிக் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற பெண். நீல முதலாளி, "அந்த ஆளிடம் சொல், எங்கள் ஆள்தான் ஜெயிக்கணும்" என்பார்.

"அவருக்கும் அதே பாஷைதானே சார்? நீங்க சொன்னது அவர் காதுலயே விழுந்துடுச்சே" என்று எழிலரசி கேட்டுப் பார்த்தாள்.

"விழுந்திருக்கலாம். நீ சொல்."

அவள் ஜப்பானிய மொழியில் கேட்டதை ஜப்பானிய மொழியிலேயே திருப்பிச் சொன்னாள். சிவப்பு முதலாளி முடியாது என்றதையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தாள். எங்கள் ஊரிலும் புருஷன் பெண்டாட்டி சண்டையில் பிள்ளையை நடுவில் நிறுத்தி "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்பது உண்டு, ஆகையால் எங்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பேச்சு இரண்டு மணி நேரம் போனது. அன்று சாயங்காலம் மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன், மூன்று மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், பூ அலங்காரக்காரன் வேனோடு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். ஏகாம்பரம் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பந்திக் கூடத்தைப் பார்த்தார், "இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய், கயிற்றுக்கு வெளியே அவர்கள் வைத்திருந்த வெண்கல மணியைத் தானே அடித்துவிட்டார். மணி அடித்தால் சண்டை தொடங்கிவிட வேண்டும், அது அவர்கள் தொழில் ஒழுக்கம். முதலாளிகள் இரண்டு பேரும் பந்திக் கூடத்திலிருந்து ஓடிவந்தார்கள், ஆளுக்கொரு மூலையில் தங்கள் ஆளின் காதைப் பிடித்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நீதான் ஜெயிக்கணும்.

நடுவர் எங்கள் ஊர் ஆள்தான், நகராட்சிப் பள்ளி பீ.டி. மாஸ்டர் தணிகாசலம் சார். ஒரு கம்பெனி நடுவரை மறு கம்பெனி நம்பாததால், கபடியில் பொய்க்கோடு போடாத மனுஷன் என்று பெயர் வாங்கிய அவரைப் பிடித்து, விதிகளைச் சொல்லிக் கொடுத்து, உள்ளே இறக்கியிருந்தார்கள். அவர் விசில் ஊதினார். பன்னிரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு சிவப்பு முதலாளி கயிற்றைத் தட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். ஒனோடெரா ஹிடாகாவை இடுப்போடு அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, தலைகீழாக எறிந்தார். ஹிடாகா மேலே போனார். போனவர் கீழே வரவில்லை.

ஒன்றரை ஆள் உயரத்தில், மல்லாந்து, தலை கொஞ்சம் தாழ்ந்து, பாதங்கள் கொஞ்சம் உயர்ந்து, எறிந்த கோலத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் கை தட்டினோம். ரொம்ப நேரம் தட்டினோம். கை வலித்த பிறகுதான், இது அவர்கள் வித்தையில் சேர்த்தி இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. ஹிடாகா கூரையைப் பார்த்தபடியே எழிலரசியை அழைத்து ஏதோ சொன்னார்.

"மன்னிச்சுக்கணுமாம். மண்டபத்துக்கு நேரமாகுதுன்னு அவருக்குத் தெரியுமாம்" என்றாள் அவள்.

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள். அவர் அசையவில்லை, இழுத்தவர்கள்தான் தரையை விட்டு ஒரு சாண் எழும்பினார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். தோற்பவன் என்று தீர்மானம் ஆகாத ஒருவன் எப்படி விழுவான் என்று தணிகாசலம் சார் கேட்டார். கேட்டதும் எல்லோரும் "அதானே" என்றோம், ஏனென்றால் அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. முதலாளிகள் இரண்டு பேரும், தத்தம் கமிட்டியைக் கூட்டித்தான் முடிவு சொல்ல முடியும் என்று வேறு வேறு விமானத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற ஆட்களும் போனார்கள். ஒனோடெரா போகவில்லை. கயிறு கட்டிய அந்தச் சண்டை மேடையில், ஹிடாகாவுக்கு நேர் கீழே, கால்களை அகட்டி, கைகளை ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ரிசப்ஷன்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா ஏகாம்பரம் இது, நல்ல காரியத்துல ஒரு ஆளைத் தொங்க வுட்டு வெச்சிக்கினுகிற?" என்று கத்தினார். கல்யாணப் பெண் சுகுணாதான் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கிட்டே வந்து, அண்ணாந்து பார்த்து, "அவரு பாட்டுக்கு இருக்காருப்பா. மாப்ள வூட்டு சித்தப்பா மாதிரி பந்தியில சண்டையா போடறாரு?" என்றாள். அலங்காரக்காரன் கயிறுகளிலேயே சாமந்திச் சரம் சுற்றினான், நாலு தூணிலும் வாழை கட்டினான், மறுநாள் காலை அந்த மேடையே மணவறை ஆனது. எங்கள் கல்யாணங்களில் பின்வரிசையிலிருந்து எறிகிற அட்சதை முன்வரிசைக்காரன் தலையில்தான் விழும், மணமக்கள் தலைக்கு ஒரு அரிசி போனால் அதிகம். ஹிடாகா கையில் ஒரு பிடி கொடுத்தோம். அவர் மேலிருந்து விரல்களைப் பிரித்துத் தூவினார், மொத்தமும் மாப்பிள்ளை பெண் தலையில் நேராக வந்து இறங்கியது. பெண்ணின் அப்பா வாய் பிளந்து பார்த்தார். அடுத்த வாரமே, வேறு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த இரண்டு வீட்டார் எங்கள் மண்டபத்தில் வந்து நின்றார்கள்.

சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பக்கத்தில் சாரம் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஏறிச் சோறு ஊட்டினோம், குளிப்பாட்டினோம். மற்ற தேவைகளைத் திரை கட்டி ஒனோடெராவே பார்த்துக்கொண்டார், அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. அவருக்கு உடம்பைத் திருப்ப முடியாது, எந்நேரமும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சலூன் பக்கிரி, பின்மண்டையைக் காட்டப் பிடிக்கிற கண்ணாடியை எடுத்துவந்து கூரையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து அவர் அந்தக் கண்ணாடி வழியாக எங்களை எல்லாம் பார்த்தார், நாங்கள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்திருப்போம். சில பேர் கற்பூரம் கொளுத்தப் பார்த்தார்கள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று அவர் மரியாதையாகச் சொன்னதும் விட்டுவிட்டார்கள். குடும்பக் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா, மாடியில் இருப்பவர் என்று எழுதுவதா வீடில்லாதவர் என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, விருந்தாளி என்று எழுதிக்கொண்டு போனாள். பத்தாவது நாளுக்குள், அந்தரத்தில் ஒரு ஆள் இல்லாத மண்டபத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஏதோ மொட்டையாகத் தெரிந்தது.

ஆனாலும் ஒரு மனுஷனை அப்படியே விட்டுவிட முடியுமா? நாங்கள் ஊர் கூடி மனு எழுதினோம். எப்படியாவது ஒரு முடிவு சொல்லுங்கள், யார் ஜெயித்தாலும் எங்களுக்குச் சம்மதம், அவர் கீழே வந்தால் போதும் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, எழிலரசியை வைத்து மொழிபெயர்த்து, இரண்டு கமிட்டிக்கும் அனுப்பினோம். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினோம். நான் மைக்கில் தெருத் தெருவாகக் கூப்பிட்டு ஆள் சேர்த்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பத்தொன்பதாவது நாள் பதில் வந்தது. நீலக் கம்பெனி நொடித்துப்போய்ச் சிவப்புக் கம்பெனியோடு சேரப்போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் பதினொரு மணிக்கு, நமக்குக் காலை ஏழரைக்கு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிப்பார்களாம். வெற்றி ஒனோடெராவுக்கு. நாங்கள் வெடி வெடித்தோம். ஏகாம்பரம் அண்ணன் எல்லோருக்கும் கேசரி போடச் சொன்னார். எழிலரசி அந்தக் கடிதத்தை ஒனோடெராவுக்குப் படித்துக் காட்டினாள். நூற்றைம்பது கிலோ மனுஷன் முழங்கால் மடிந்து உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா, ஜெயிச்சதுக்கு அழுறாரு?" என்றேன் நான்.

அவர் சொல்லச் சொல்ல எழிலரசி எங்களுக்குச் சொன்னாள். சண்டை நடந்த அன்று காலையில் கைகழுவுகிற இடத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஹிடாகா வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தாராம். தண்ணீர் சத்தத்தில் பேசினாராம். கழுத்து எலும்பில் விரிசல், இன்னொரு தரம் தலை தரையில் மோதினால் கை கால் விளங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், பார்த்துப் போடு தம்பி என்றாராம். எதிரிக் கம்பெனிக்காரனிடம் பேசுவதே குற்றம், அவனிடம் போய் இதைச் சொல்ல ஒரு மனுஷன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். ஒனோடெராவும் சரி அண்ணா என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் முதலாளி கயிற்றைத் தட்டிக் கத்தியதும், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக அந்த எறியை எறிந்துவிட்டது.

"கையை விட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்துச்சாம். விழக்கூடாது, விழக்கூடாதுன்னு நினைச்சாராம். அந்த வேகம் இன்னும் ஹிடாகா உடம்புக்குள்ளயே நிக்குதாம். தோல்வின்னு அறிவிச்ச நிமிஷம் தலை குத்தி விழுவாராம்" என்றாள் எழிலரசி.

கேசரி அப்படியே ஆறிப்போனது. அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தில் என்னுடையதுதான் முதல் கையெழுத்து. அறிவிப்பை நிறுத்துங்கள் என்று தந்தி, போன், மெயில் எல்லாம் அனுப்பினோம். கேட்டது நீங்கள்தானே, கொடுத்தாயிற்று, வாழ்த்துகள் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வீடு மெத்தை சேர்த்துக் கொண்டுவந்து குவித்தோம். ஒனோடெரா தலையை ஆட்டினார். மெத்தையில் உடம்பு அமுங்கும், கழுத்து மடங்கும், அது தரையைவிட மோசம். தாங்கிப் பிடித்தாலும் தலைதான் முதலில் கைக்கு வரும்.

ஹிடாகா மட்டும் அமைதியாக இருந்தார். நான் சாரத்தில் ஏறி அவருக்குக் காபி கொடுத்தபோது, எழிலரசி கீழே நின்று அவர் பேசியதைச் சொன்னாள். "மேலே இருக்கிறப்போ கழுத்து வலிக்கவே இல்லையாம். இருபத்திநாலு வருஷத்துல இப்படி வலியில்லாம இருந்ததே இல்லையாம். இந்த ஊருக்கு ரொம்ப நன்றியாம்." நான் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கீழே இறங்கிவிட்டேன். அழுமூஞ்சியை அவருக்கு அந்தக் கண்ணாடியில் காட்ட எனக்கு மனசில்லை.

இருபத்திமூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம். தேதி குறித்து இரண்டு மாசம் ஆன கல்யாணம், யாராலும் மாற்ற முடியவில்லை. மணமக்கள் மேடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், ஐயர் ஓமத்தைப் பற்றவைக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி ஊதாமல் இருந்தார். ஊரே உள்ளே நின்றது, மண்டபத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். எழிலரசி டோக்கியோவோடு போனைத் திறந்து வைத்திருந்தாள். நான் அதை மைக்கில் போடவில்லை. போட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழு இருபதுக்கு, ஹிடாகாவுக்கு நேர் கீழே நின்றிருந்த ஒனோடெரா ஏந்திய கைகளைக் கீழே விட்டார். மணமக்களைப் பார்த்து ஒரு தரம் குனிந்து வணங்கினார். பிறகு மல்லாந்து படுத்தார். இரண்டு தோளையும் தரையில் பதித்து, கைகளை அகல விரித்து, கண்ணை மூடாமல் மேலே பார்த்து ஏதோ சொன்னார். எழிலரசி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் தோத்துட்டேன் அண்ணான்னு சொல்றாரு."

அந்தத் தொழிலில் ஆடுகிறவன் முடிவு செய்யக்கூடாது. முதலாளி சொன்னால் ஜெயிக்க வேண்டும், சொன்னால் தோற்க வேண்டும், தன் இஷ்டத்துக்குத் தோற்றவன் அன்றோடு தொழிலை மறந்துவிட வேண்டியதுதான். அது ஹிடாகாவுக்கும் தெரியும். கண்ணாடியில் அவர் முகம் வெளுத்தது.

"வேணாம் தம்பி, உனக்கு வேலை போயிடும்ங்கறார். அதுக்கு இவர், போகட்டும்ங்கறார்" என்று எழிலரசி கிசுகிசுத்தாள். "எனக்கு ஜெயிக்கத் தெரியாதே, ஜெயிச்சதே இல்லையேங்கறார். இவரு, ஒண்ணும் செய்ய வேணாம் அண்ணா, நீங்க கீழே வந்தா மட்டும் போதும்ங்கறார்."

ஏகாம்பரம் அண்ணன் பாய்ந்து போய்த் தணிகாசலம் சாரின் சட்டையைப் பிடித்தார். "எண்ணு சார், சட்டுனு மூணு எண்ணி முடி சார்!"

தணிகாசலம் சார் அசையவில்லை. "எதிராளி மேல படுத்து, அவன் ரெண்டு தோளும் தரையில இருந்தாத்தான் மூணு எண்ணலாம் ஏகாம்பரம். ரூலுன்னா ரூலு."

"யோவ், உசுரு போய்க்கினு இருக்குது, ரூலு பேசற?"

"ரூல் இல்லாமதானேய்யா நீ மணி அடிச்ச?" என்றார் தணிகாசலம் சார். ஏகாம்பரம் அண்ணன் கையை எடுத்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் பீ.டி. மாஸ்டர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு யோசித்தால் அவர் செய்ததுதான் சரி, அவர் அவசரப்பட்டிருந்தால் அந்த முடிவு செல்லாமலே போயிருக்கும்.

ஏழு இருபத்தாறுக்கு ஹிடாகா அசைந்தார். கிணற்றில் தண்ணீர் தளும்பாமல் குடத்தை விடுகிற மாதிரி, ஒரு விரல் ஒரு விரலாக இறங்கினார். உயர்ந்திருந்த பாதங்கள் முதலில் தாழ்ந்தன, அப்புறம் இடுப்பு, அப்புறம் முதுகு. இறங்கி இறங்கி, அந்த மூட்டை வயிற்றின் மேல் முதுகு சாய்ந்து, ஒனோடெராவின் மார்பில் தலை வைத்து, கழுத்து நோகாமல் வந்து சேர்ந்தார்.

தணிகாசலம் சார் குப்புற விழுந்து இரண்டு தோளும் தரையில் படுகிறதா என்று கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். உள்ளங்கையால் ஓங்கித் தரையில் அறைந்தார்.

"ஒண்ணு."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

"ரெண்டு."

அப்போதுதான் அது நடந்தது. ரெண்டு என்றதும் தோளை உதறி எழுந்துகொள்வது ஒனோடெராவின் பன்னிரண்டு வருஷப் பழக்கம், கூட்டம் கத்துவதே அதற்காகத்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனாலும் வலது தோள் அவரைக் கேட்காமல் வெடுக்கென்று எழும்பப் பார்த்தது. நாங்கள் ஐயோ என்றோம். மேலே கிடந்த ஹிடாகா, ஆயுசில் ஒருவனையும் அமுக்கியறியாத ஹிடாகா, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அந்தத் தோளை அழுத்திப் பிடித்தார்.

"மூணு!"

விசில் ஊதிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எழிலரசியின் போனில் ஏழரைக்கு அந்த அறிவிப்பு வந்தது, அவள் "ஆட்டம் முடிஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு சார்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டுத் துண்டித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பெண்ணின் அம்மா யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் அண்ணன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஹிடாகா எழுந்து நின்றார். இருபத்திமூன்று நாள் தரையைத் தொடாத கால்கள் தடுமாறின. தணிகாசலம் சார் அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். அவர் அந்தக் கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். ஒவ்வொரு தரமும் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்த்தான் அவருக்குப் பழக்கம், ஜெயித்தவன் எப்படி வெளியே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கயிற்றுக்கும் நடுவுக்குமாக இரண்டு தரம் நடந்தார். தோற்றவன் அசையக்கூடாது என்பதால் ஒனோடெரா கிடந்தபடியே, உதடு மட்டும் அசையச் சொன்னார், எழிலரசி எங்களுக்குச் சொன்னாள்.

"நேரா நடந்து போங்க அண்ணா. திரும்பிப் பாக்காதீங்க. ஜெயிச்சவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க."

ஹிடாகா கயிறு வரை நேராக நடந்தார். சாமந்திச் சரத்தை ஒதுக்கி ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நின்றார். பிறகு அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்து, திரும்பி வந்து, பத்தொன்பது வருஷப் பகையும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, கீழே கிடந்தவருக்குக் கையை நீட்டினார். ஒனோடெரா அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். அதைப் பார்த்த தவில்காரருக்குத் தாங்கவில்லை, கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார். தாலி இன்னும் தட்டிலேயே இருந்தது, மாப்பிள்ளை அதைத் தொடக்கூட இல்லை, ஆனாலும் நாங்கள் எல்லோரும் கையிலிருந்த அட்சதையை எறிந்துவிட்டோம். "இருக்கட்டும், ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கு, இன்னொரு தரம் அடிச்சுக்கலாம்" என்றார் ஐயர்.